கல்யாண நாளுக்கு ஒரே ஒரு நல்ல ஒயின், 2,500 ரூபாய்க்குள்: பாலக்காட்டுப் பக்கம் எதை, எப்படி வாங்குவது?

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

அக்காவுக்கும் மச்சானுக்கும் வர்ற ஏப்ரல்ல கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம் ஆகுதுங்க. வீட்டோட ராத்திரிச் சாப்பாடுதான். ஒயின் குடிக்கிறவங்க நாலே பேர். ஆப்பம், தேங்காப்பால் ஊத்துன மட்டன் ஸ்டூ, கரிமீன் பொள்ளிச்சது, மிளகு போட்ட பீஃப் வறுவல், இதுதான் சாப்பாடு. ஒரு பாட்டில் போதும், ஆனா அது நல்லதா இருக்கணும். 2,500 வரைக்கும் போடலாம்.

சந்தேகம் நிறைய இருக்குங்க. வெளிநாட்டு ஒயின் வாங்கறதா, நம்ம நாட்டுதா? பழசா இருந்தா நல்லது, கனமான பாட்டில்னா உசத்தி அப்படின்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இப்ப ஆரஞ்சு ஒயின், ஐஸ்ல வெச்ச சிவப்பு ஒயின்னு புதுசு புதுசா பேர் வேற. வீட்ல ஏசி கிடையாது, ஏப்ரல்ல ராத்திரி எட்டு மணிக்கும் அனல் அடிக்கும். கோயமுத்தூர்ல வாங்குனா தேர்வு அதிகம் கிடைக்கும்னும் யோசனை. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளம் தென்னை எழுதியது:

கோயமுத்தூர் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். கேரள வரி கட்டாத பாட்டிலைப் பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது இங்கே அப்காரி (மதுவிலக்கு, கலால்) சட்டப்படி குற்றம். வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் என்று எந்த வழியில் வந்தாலும் அதே சட்டம்தான். பாட்டிலும் போகும், வழக்கும் வரும். பாலக்காட்டிலேயே நாமே எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள பெவ்கோ (கேரள அரசின் மதுக்கடை) பிரீமியம் கடைக்குப் போங்கள். ஜன்னலில் பெயர் சொல்லி வாங்கும் கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. ஒயினுக்கு அது அவசியம். மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது. வாங்கப் போகிறவருக்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அடுத்து விலை. 2,500 ரூபாயில் எவ்வளவு ஒயினுக்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சலுகை எதுவும் இல்லாத நாட்டிலிருந்து வரும் ஒயினுக்குச் சுங்கவரி 150 சதவீதம். துறைமுகத்தில் இறங்கும்போது 400 ரூபாய் மதிப்புள்ள பாட்டில், வரி 600 சேர்ந்து 1,000 ஆகிறது. அதன்மேல் இறக்குமதி செய்தவரின் லாபம், மாநில வரி, கடை கமிஷன் எல்லாம் ஏறும். நம் கையில் 2,500-க்கு வந்து சேரும் பிரெஞ்சு பாட்டில் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் வார நாளில் மளிகைக் கடையில் எடுத்துப் போகிற ஒயின்தான். கெட்ட ஒயின் இல்லை. ஆனால் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு நீங்கள் தேடுகிற தரம் அதில் இருக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு ஆஸ்திரேலியா. 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, 750 மில்லி பாட்டிலின் இறக்குமதி விலை 5 டாலருக்கு மேல் இருந்தால் வரி 150-லிருந்து 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் இருந்தால் 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்து வருடத்தில் அவை 50, 25 என்று இறங்கும். ஆகவே வெளிநாட்டு ஒயின்தான் வேண்டும் என்றால், ஒரே விலையில் ஆஸ்திரேலிய பாட்டிலுக்குள் மற்றவற்றை விடக் கூடுதல் ஒயின் இருக்க வாய்ப்பு அதிகம்.

என் கணக்கில் உங்கள் பணத்துக்கு ஏற்றது இந்தியக் கம்பெனிகளின் மேல்தட்டு பாட்டில்கள். சுங்கவரி இல்லாததால் அந்தக் காசு நல்ல திராட்சைக்கும் ஓக் மரப் பீப்பாய்க்கும் போகிறது. நாசிக் சுலாவின் ராசா ஷிராஸ் அல்லது டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ். ஷிராஸ் என்பது சிவப்பு ஒயினுக்கான திராட்சை ரகம். நந்தி மலைப் பக்கத்து குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வ், இது கேபர்னே சொவின்யோன் என்ற இன்னொரு ரகமும் ஷிராஸும் கலந்தது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜிலிருந்து வரும் ஃப்ரத்தெல்லி செத்தே, இது சாஞ்சோவேசே என்ற ரகமும் கேபர்னேவும் கலந்தது. ஃப்ரத்தெல்லி என்றால் இத்தாலிய மொழியில் சகோதரர்கள். மூன்று குடும்பத்து அண்ணன் தம்பிகள் சேர்ந்து தொடங்கியதால் வந்த பெயர். எது கையிருப்பில் இருக்கும் என்பது கடைக்குக் கடை மாறும். நான்கு பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

லேபிளில் 'ரிசர்வ்' என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஸ்பெயினின் ரியோஹாவில் சிவப்பு ஒயினுக்கு 'ரெசெர்வா' என்று போட மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது பீப்பாயில். 'கிரியான்சா' என்றால் இரண்டு வருடம். அப்படிப்பட்ட கணக்கு நம் ஊர் 'ரிசர்வ்' என்ற சொல்லுக்குப் பின்னால் இல்லை. ஆகவே கம்பெனியையும் ரகத்தையும் பாருங்கள். 'போர்ட்' என்று எழுதிய மலிவு பாட்டில் பக்கமே போக வேண்டாம். அசல் போர்ட், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் மட்டும் செய்வது.

சித்தூர்ப்புழை எழுதியது:

தென்னை அண்ணன் சொன்ன விலைக் கணக்கு சரி. ஆனா அவர் சொன்ன நாலும் சிவப்பு. இந்தச் சாப்பாட்டுக்கு ஒரே பாட்டில்னா நான் சிவப்பைச் சொல்ல மாட்டேன்.

கரிமீனை எடுத்துக்குங்க. சிவப்பு ஒயின்ல இரும்புச்சத்து கூடுதலா இருக்கறது வழக்கம். மீன் கொழுப்போட அது சேர்ந்தா வாயில துருப்பிடிச்ச ஆணியை வெச்ச மாதிரி ஒரு கவிச்சி வரும். ஒயின் நல்லதா இருந்தாலும் தப்பாது. அடுத்து மிளகாய். பொள்ளிச்சது மசாலாக் காரத்தை ஒயின்ல இருக்கற துவர்ப்பும் ஆல்கஹாலும் ஏத்தி விடும். 14 சதவீதச் சிவப்பைக் காரத்தோட குடிச்சா நாக்குல நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும், திராட்சை வாசம் எதுவும் தெரியாது. தேங்காப்பால் ஸ்டூவுக்கும் துவர்ப்பு ஆகாது, பால் திரிஞ்ச மாதிரி ஒரு ருசி.

ஆப்பம், ஸ்டூ, மீன், வறுவல் நாலுக்கும் ஒத்துப்போறது நுரைக்கிற ஒயின், அதாவது ஸ்பார்க்ளிங். அதோட புளிப்பு எண்ணெயையும் தேங்காப்பால் வழுவழுப்பையும் கழுவி விட்டுடும். அடுத்த வாய் முதல் வாய் மாதிரி இருக்கும். ஆல்கஹாலும் 12 சதவீதத்தை ஒட்டித்தான். விசேசத்துக்குப் பொருத்தமும் அதுதானேங்க.

வாங்கும்போது லேபிள்ல ரெண்டு விசயம் பாருங்க. முதலாவது, பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வெச்சதா, பெரிய தொட்டியில நுரை ஏத்துனதா? பாட்டில்ல செஞ்சதுன்னா 'மெத்தோட் ட்ரடிசியோனேல்' மாதிரி ஒரு வரி இருக்கும். ஷாம்பெய்ன் செய்யறது இந்த வழியிலதான். ஈஸ்ட் வண்டலோட மாசக்கணக்குல கிடக்கறதால பன் ரொட்டி வாசமும் பொடி நுரையும் வரும். சுலா ப்ரூட், குரோவர் ஜாம்பா சுவாரே ப்ரூட் ரெண்டும் இந்த முறைதான். பிரான்ஸோட க்ரேமான், ஸ்பெயினோட காவாங்கற நுரை ஒயின் ரெண்டும் இதே வழி. குறைஞ்சது 9 மாசம் வண்டல் மேல கிடக்கணும்னு விதி. ஷாம்பெய்னுக்குக் கொடுக்கற காசுல பாதிக்கும் கீழ முடியும்.

ரெண்டாவது, இனிப்பு. இங்கதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. 'ப்ரூட்'னா லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா ட்ரை'ன்னு பார்த்து இன்னும் இனிப்புக் கம்மின்னு நினைச்சிடாதீங்க. அது 12-லிருந்து 17 வரைக்கும், ப்ரூட்டை விட இனிப்பு. 'ட்ரை' அல்லது 'செக்' 17-லிருந்து 32. 'டெமி செக்' 32-லிருந்து 50, அது பாயசத்துக்குத்தான் ஆகும். உங்க சாப்பாட்டுக்கு ப்ரூட்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

ரொம்ப நன்றிங்க. மச்சானுக்குச் சிவப்புன்னா பிரியம், அதனாலதான் தயக்கம். ரெண்டு சின்னதா வாங்கறதா? அப்புறம், கம்பம் பள்ளத்தாக்குல இத்தனை திராட்சை வெளையுதே, அந்த ஒயின் ஏன் யாரும் சொல்லலை?

அட்டப்பாடிக் காற்று எழுதியது:

மச்சானுக்குப் பிடிக்கும் என்றால் அதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ப்ரூட் ஒரு பாட்டில், ஷிராஸ் சிறிய பாட்டில் கிடைத்தால் 375 மில்லி ஒன்று. மீன் முடிந்ததும் ஷிராஸைத் திறந்து பீஃப் வறுவலோடு வையுங்கள். குருமிளகின் காட்டமான வாசனையைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் உண்டு. மிளகு வறுவலோடு அது சேர்வது அதனால்தான். வறுவலில் மட்டும் வற்றல் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்லுங்கள், ஒயின் எடுபடும்.

புதுப் பாணிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலகத்தில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டு வருகிறது. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பின் மதிப்பீட்டில் 2024-ல் குடித்த அளவு 1961-க்குப் பிறகு மிகக் குறைவு. அதனால் தயாரிப்பாளர்கள் கனமான, பீப்பாய் வாசம் தூக்கலான சிவப்பிலிருந்து இலேசான, குளிர வைத்துக் குடிக்கும் ஒயின் பக்கம் நகர்கிறார்கள். நுரை ஒயின், இளஞ்சிவப்பான ரோஸே, கேன்களில் வருவது எல்லாம் அந்தப் போக்குதான். நம் நாட்டிலேயே சுலாவின் தியா, ஃப்ரத்தெல்லியின் டில்ட் கேனில் வருகின்றன. சுற்றுலாவுக்கு எடுத்துப் போக நல்லது, விருந்து மேசைக்கு வேண்டாம்.

ஆரஞ்சு ஒயின் என்றால் ஆரஞ்சுப் பழம் கிடையாது. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு நாட்கணக்கில் ஊறவைத்துப் புளிக்க வைப்பது. ஜார்ஜியாவில் க்வெவ்ரி என்ற மண் தாழியைப் பூமிக்குள் புதைத்து இப்படிச் செய்வது மிகப் பழைய வழக்கம். 2013-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. தோல் ஊறுவதால் தேயிலைத் துவர்ப்பு வரும். முதன்முதலாகக் குடிக்கிறவர் 'கெட்டுப்போச்சோ' என்று கேட்பார். உங்கள் விசேஷத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

இதில் நம் ஊருக்கு உண்மையிலேயே உபயோகமான மாற்றம் இரண்டு. ஒன்று, சிவப்பைக் குளிர வைத்துக் குடிப்பது. நம் வெயிலில் அது கட்டாயம். இரண்டு, ஸ்க்ரூ மூடி. அதை மலிவு என்று ஒதுக்க வேண்டாம். கார்க்கில் டிசிஏ என்ற பொருள் சேர்ந்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்து பாட்டிலே வீணாகும். ஸ்க்ரூ மூடியில் அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி இவற்றுக்கும் ஒயின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணாடிக்குக் காசு கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். நுரை ஒயினுக்கு மட்டும் கனம் தேவை, உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்க.

கூடலூர் பந்தல் எழுதியது:

கம்பம் கேள்விக்கு நான் சொல்கிறேன், திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று பார்க்கிற விஷயம் என்பதால். எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சை உலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் பெற்ற ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசனையில் இதை மிஞ்ச முடியாது. ரோஜாப்பூத் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும்.

ஆனால் இதைத் தின்பதற்காக வளர்க்கிறோம். கொத்து பெரிது, தோல் மெல்லிசு, சாறு நிறைய. சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வரவேண்டும். பொடிப் பழமும் தடித்த தோலும் உள்ள ஷிராஸ், கேபர்னேயில் கிடைப்பது இதில் கிடைக்காது. சர்க்கரையும் பற்றாது. சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும் என்பது கணக்கு. 12 சதவீதம் வர 204 கிராம் வேண்டும். மேசைக்குப் பறிக்கிற பழம் லாரிப் பயணத்தைத் தாங்க வேண்டும், அந்த அளவு பழுக்கும் வரை கொடியில் விட மாட்டோம். இங்கே கொடி உறங்குவதும் இல்லை. கவாத்து செய்த தேதியைப் பொறுத்து வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். நாசிக்கில் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, குளிரான இரவுகளில் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை அறுக்கிறார்கள். அந்தக் குளிர் இரவுதான் புளிப்பைக் காப்பாற்றுகிறது.

பன்னீர் வாசனைக்கு ஏற்றது இனிப்பான ரோஸே. அதை விருந்தின் கடைசியில் குடிக்கலாம், கரிமீனோடு அல்ல. பழத்தை வாங்கி வீட்டில் பரணியில் புளிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் செய்வதை எக்ஸைஸ்காரர்கள் குற்றமாகத்தான் பார்க்கிறார்கள்.

வேலந்தாவளம் தென்னை எழுதியது:

சித்தூர்ப்புழை சொல்வதை ஏற்கிறேன். இந்தச் சாப்பாட்டுக்கு ப்ரூட்தான் முதல், ஷிராஸ் பின்னால். இனி, வாங்கிய பாட்டில் கெடாமல் மேசைக்கு வரவேண்டும். பாலக்காட்டு வெயிலில் ஒயின் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து மூடிக்குக் கீழே ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பாட்டிலை விடத் தாழ்ந்திருந்தால் வேண்டாம். கார்க் போட்ட பாட்டிலில் மேல் உறையைத் தடவினால் கார்க் பிதுங்கி நிற்கிறதா என்று தெரியும். கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிக் காய்ந்த கோடு இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்து உள்ளே விரிந்திருக்கிறது. அப்படி வெந்த ஒயினில் பழ வாசம் போய், பழைய ஜாமைக் காய்ச்சிய மணம் வரும். அதைத் திருத்த வழியே இல்லை. ட்யூப் லைட்டுக்கு நேராக நின்ற வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம். வெளிச்சம் பட்டே வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். அட்டைப்பெட்டியில் இருந்து ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

பழசு நல்லது என்பது மிகச் சில ஒயின்களுக்கு, அதுவும் 12, 14 டிகிரி நிலவறையில் படுத்தவற்றுக்கு. நம் கடை அலமாரியில் ஐந்து கோடையைத் தாண்டி நின்ற பாட்டில் அப்படி இல்லை. வெள்ளை என்றால் இரண்டு வருடத்துக்குள் உள்ளது, சிவப்பு என்றால் மூன்று நான்கு வருடம் போதும். ப்ரூட் லேபிளில் திராட்சை அறுத்த வருடமே போடாமல் இருப்பது சகஜம். பல வருட ஒயினைக் கலப்பதால் அப்படி, குறை இல்லை.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். சாயங்காலம் போங்கள். தெர்மோகோல் பெட்டியும் இரண்டு ஐஸ் பாக்கெட்டும் எடுத்துப் போங்கள். வண்டியின் பெட்டியிலோ, வெயிலில் நிறுத்திய கார் டிக்கியிலோ வைத்து விட்டுவிட வேண்டாம், மேலே சொன்ன ஜாம் வாசம் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. சிவப்பும் அங்கேதான்.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்பார்கள். அந்தச் சொல் பிறந்த ஊரில் அறை 17, 18 டிகிரி, நம் அறை 34. குளிர வைக்கும் நேரத்திலும் இதே குழப்பம் உண்டு. வெளிநாட்டுக் குறிப்பில் சிவப்பை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை என்று இருக்கும். அவர்கள் 20 டிகிரியிலிருந்து இறக்குகிறார்கள். 34 டிகிரியில் கிடந்த பாட்டில் அரை மணியில் 27-க்குத்தான் வரும், 16-க்கு வர ஒன்றே முக்கால், இரண்டு மணி ஆகும். நீங்கள் ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் வைத்திருப்பதால் வேலை தலைகீழ்: ஷிராஸைப் பரிமாறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். ப்ரூட் 6-லிருந்து 8 டிகிரியில் இருக்க வேண்டும், கடைசி நிமிடம் வரை உள்ளேயே இருக்கட்டும். கரண்ட் போய்விட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. கழுத்து வரை முங்கினால் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ்கட்டி மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்று நின்று குளிர் ஏறாது, தண்ணீர் கட்டாயம். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் நுரை ஒயின் வெடிக்கும்.

திறக்கும்போது கவனம். உள்ளே ஐந்தாறு மடங்கு காற்றழுத்தம், கார் டயரை விட இரண்டு மடங்குக்கு மேல். மேல் தாளைக் கிழித்துவிட்டு, கட்டைவிரலைக் கார்க் மேல் அழுத்தி வைத்துக்கொண்டே கம்பியை ஆறு அரைச் சுற்று தளர்த்துங்கள். கம்பியைக் கழற்ற வேண்டாம், கார்க்கோடு சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், கார்க்கை அசையாமல் பிடித்துப் பாட்டிலின் அடியைத் திருகுங்கள். கார்க் தானே தள்ளும், விடாமல் எதிர்த்துப் பிடித்தால் பெருமூச்சு மாதிரிச் சின்னச் சத்தத்தோடு வரும். டப் என்று வெடித்தால் நுரையில் கால்வாசி தரையில் போகும். பாட்டில் சூடாக இருந்தாலோ, வண்டியில் குலுங்கிய அன்றே திறந்தாலோ எவ்வளவு பதமாகத் திறந்தாலும் பொங்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

எழுதி வெச்சுக்கிட்டேங்க. க்ளாஸ் எது வேணும்? மிச்சமானா அடுத்த நாளைக்கு ஆகுமா?

சித்தூர்ப்புழை எழுதியது:

ஒல்லியான நீட்டு க்ளாஸ் வாங்கச் செலவு பண்ணாதீங்க. வாய் கொஞ்சம் குறுகுன சாதாரண ஒயின் க்ளாஸ்லதான் ப்ரூட் வாசம் நல்லாத் தெரியும். சோப்புத் தூள் ஒட்டியிருந்தா நுரை உடனே செத்துப்போயிடும். அதனால வெறும் சுடுதண்ணியில ரெண்டு தடவை அலசிக் கவுத்து வைங்க, மொட மொடன்னு இருக்கற துண்டால துடைச்சா துணி வாசம் ஏறிக்கும். ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க. நம்ம சூட்டுல க்ளாஸ்ல கிடக்கறது பத்து நிமிசத்துல வெதுவெதுன்னு ஆயிடும், பாட்டிலை ஐஸ் வாளியிலயே வெச்சு அடிக்கடி கொஞ்சமா ஊத்தறதுதான் நல்லது. 750 மில்லி ஏழு தடவை வரும், நாலு பேருக்குச் சரியா இருக்கும். ஷிராஸ் மிச்சமானா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாள் தாங்கும். ப்ரூட் மிச்சமானா நுரை ஒயினுக்குன்னே விக்கற இறுக்கு மூடி போட்டா மறுநாள் மத்தியானம் வரைக்கும். பாட்டில் வாயில ஸ்பூனைத் தொங்கவிட்டா நுரை நிக்கும்னு சொல்றதை நம்பாதீங்க, நிக்காது.